பளபளப்பா, மங்கலா

அடக்கம் முடிந்து வந்த ஆண்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது. உள்ளறைத் திரைக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த சாலிஹா நிமிர்ந்தாள். மதுரைப் பட்டறைக்குக் குரோமிய முலாம் வேலை சேகரிக்கிற பால்சாமி. வியாழக்கிழமைதோறும் கீழக்கரைக்கு வருவார்.

"ஹாஜா பாய் இல்லைங்களா? இன்ஜின் மூடியை வாங்கிட்டுப் போகலாம்னு…"

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"காக்கா காலையில மௌத்தாப் போயிட்டாக" என்றான் கொழுந்தன் சதக்.



கொட்டகையில் அவள் கணவர் ஹாஜாவின் மாரிஸ் டாக்சி பானெட் திறந்தபடி நின்றது. போன வாரம் கழற்றிய மூடி சாக்கின் மேல் கிடந்தது. விடியலில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு கார் தேடி சதக் ஓடினான். அது வந்தபோது தேவைப்படவில்லை.

"போன வாரமே எந்த முலாம்னு சொல்லி மூடியைக் குடுத்திருந்தா இன்னைக்கு வண்டி ஓடியிருக்கும். எதுக்குத்தான் யோசிச்சாகளோ" என்றான் சதக்.

சாலிஹா தலையணைக்கு அடியில் கை விட்டாள். விரல் நீளத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள், பால்சாமி கொடுத்துவிட்டுப் போன முலாம் மாதிரிகள். ஒன்று முகம் தெரியும் பளபளப்பு. மற்றது பனி படிந்தாற்போல மங்கல்.

அவர் யோசிக்கவில்லை. அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"உப்புக்காத்துக்குப் பளபளப்பு தாங்குமா? தெனமும் யாரு தொடைக்கிறது?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"நான் தொடைக்கிறேன். நீ முகம் பாரு."

"இன்ஜினுக்குள்ள தலைய விட்டா முகம் பாக்கணும்? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ சொல்லு, எது?"

அவர் கேட்கக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று சொல்லாமலே இருந்தாள்.

"இனி எதுக்கு முலாம்? வண்டிய அப்படியே வித்துருவோம். நீங்க போங்க" என்றான் சதக் வெளியே.

"சரிங்க பாய். மாதிரி ரெண்டையும் மட்டும் குடுத்தீங்கன்னா…"

நாத்தனார் சபியா திரையை விலக்கி உள்ளே வந்தாள். "மச்சி, ஏதோ மாதிரியாம். எங்க வச்சிருக்காக?"

பளபளப்பான பட்டையின் ஓரத்தில், கிரீஸில் பதிந்த அவர் கட்டைவிரல் ரேகை காய்ந்திருந்தது. சாலிஹா மங்கலான பட்டையை மட்டும் சபியாவின் கையில் வைத்தாள்.

"இது வேணாம்னு சொல்லு. மத்ததைப் போடச் சொல்லி மூடியைக் குடுத்து அனுப்பு."

"சதக் காக்கா விக்கணும்ங்குறாகளே."

"பூசிட்டு விக்கட்டும்."

"அந்தப் பளபளப்பு மாதிரியத் திருப்பிக் குடுக்க வேணாமா?"

சாலிஹா பளபளப்பான பட்டையை விளிம்பில் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சபியா சற்று நின்றுவிட்டு வெளியே போனாள். வாசலில் மெல்லிய பேச்சு. பிறகு பால்சாமியின் குரல்: "எங்கிட்ட இன்னொண்ணு இருக்குதும்மா. அது அங்கயே இருக்கட்டும்."

மூடியைச் சாக்கில் சுற்றும் சத்தம் கேட்டது.

கணவனை இழந்து இத்தா இருப்பவள் பார்க்கக் கூடாதென்று, அலமாரிக் கண்ணாடியின் மேல் யாரோ துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். சாலிஹா பட்டையைத் தன் முகத்துக்கு நேரே திருப்பவில்லை. மடியில் சாய்த்து வைத்தாள். கடற்காற்றில் முந்தானை பறந்து அதன் மேல் விழப்போனது. அது ரேகையில் பட்டுவிடாதபடி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.