ஒடெல்லாவின் வெட்டு

நியூவார்க் தொழிற்சங்க மண்டபத்தின் ஓரத்தில் நின்ற லமான்ட்டுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கோட்டைக் கழற்றினான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான்.

"தரையத் தேச்சு ஓட்டை போட்றாதடா," என்றாள் ட்ரினெட். "பேங்க் மேனேஜரா நடக்கப்போறவன் பேதி புடிச்சவன் மாதிரி அலையலாமா?"

வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து, வேடமிட்டு நடந்து காட்டும் பால்ரூம் போட்டியில் அன்றைய மதியப் பிரிவு அதுதான். ஆட்டமில்லை, குதிப்பில்லை. தெருவில் எவனும் திரும்பிப் பார்த்துச் சந்தேகப்படாதபடி அசல் அதிகாரியாக நடக்க வேண்டும். ஐந்து நடுவர்களும் பத்து என்ற அட்டையைத் தூக்க வேண்டும். ஒருவர் கைகளைக் குறுக்கே வைத்து வெட்டினாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நடுவர்களின் மத்தியில் ஒடெல்லா. சேபிள் குடும்பத்தின் அம்மா. பெற்றவர்கள் துரத்திய லமான்ட்டுக்குப் படுக்கையும் சாப்பாடும் கொடுத்தவள். மற்றவர்களைப் போகிறபோக்கில் பார்ப்பாள். தன் பிள்ளைகள் நடந்தால் மட்டும் கண் ஊசியாகிவிடும். போன வருடம் காலர் மடிந்திருந்ததற்காக ஊரறிய அவனை வெட்டினாள். அந்த ரோஷத்தில் அவன் ட்ரினெட் இருந்த டிவோ குடும்பத்துக்குத் தாவினான். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை.

தான் இன்னும் அவள் பிள்ளைதானா? நேரில் கேட்கத் தைரியமில்லை. கறுப்பு சூட்டுக்குக் கீழே வேண்டுமென்றே வெள்ளை சாக்ஸ் போட்டு வந்திருந்தான். பிள்ளை என்றால் வெட்டுவாள்.

"உங்கம்மா உன்ன வெட்டத்தான் காத்துக்கிட்டிருக்கா," என்றாள் ட்ரினெட், விவரம் தெரியாமல்.

"வெட்டட்டும்."

"லூசாடா நீ?"

பெயர் ஒலித்தது. நடந்தான். நான்கு அட்டைகள் உயர்ந்தன. ஒடெல்லா எழுந்து வந்தாள். பேனா முனையால் அவன் கால்சட்டை விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள், விட்டாள். இருக்கைக்குத் திரும்பிப் பத்தைத் தூக்கினாள்.

டிவோ கூட்டம் மேசைகளைத் தட்டித் தீர்த்தது. அவன் ஒடெல்லாவின் முன்னால் போய் நின்றான்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேங்க."

"அப்புறம் எதுக்குப் பத்து?"

"அடுத்த வீட்டுப் புள்ளயக் கொற சொல்ல நான் யாருங்க?"

அவன் குனிந்து வெள்ளை சாக்ஸ் தெரியக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். முதலில் சிரிப்பு, அப்புறம் ஊளை. பத்து கொடுத்த மற்ற நான்கு நடுவர்களும் ஒருவர் பின் ஒருவராக வெட்டினார்கள்.

"அட படுபாவி!" ட்ரினெட்டின் குரல் கூரையைத் தொட்டது. அறிவிப்பாளர் அடுத்தவனை அழைத்தார்.

லமான்ட் இன்னும் அங்கேயே நின்றான்.

"வழிய விடு," என்றாள் ஒடெல்லா. கண் அடுத்தவன் நடையில் இருந்தது. "யாருடா ஒனக்கு இந்த டையக் கட்டிவிட்டது? நாய் நாக்கு மாதிரி தொங்குது."

"நானேதான்."

"தெரியுது," என்று சொல்லி, அவனுக்குத் தூக்கிய பத்து அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.