பாலில் தொட்ட பாண்

"முதல் நான் திண்டு பாக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு என் மனிசன் ஜஸ்ரின் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் பேப்பரில் சுருட்டிய சரை. அதற்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாய் ஒரு தூள். "திண்டு பாக்க இதென்ன இனிப்புத் தொதலே?" என்று கேட்டேன். கடலில் என்ன சத்தம் போடுவாரோ தெரியாது, வீட்டுக்குள் ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சை ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் பிடித்துவிடலாம். விரல் நுனியைத் தூளில் ஒற்றி நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லை. இரும்பை நக்கின மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதவுக்குப் பின்னால் எங்கள் மகன் றெமோன் குடத்து மூடியை நிலத்தில் சுழலவிட்டு, அது விழுந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். தூள் அவனுக்காகத்தான் வந்தது.

றெமோனுக்கு ஏழு வயது. இன்றுவரை வாயில் ஒரு சொல் இல்லை. ஓட்டிசம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பேசாலையில் சனம் அதெல்லாம் பார்க்காது, ஊமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். ஊமை இல்லை அவன். அவனுடைய பேச்சு என் கையில் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைப்பான். வெளியே போக வேண்டுமென்றால் என் கையைத் தாழ்ப்பாளில் வைப்பான். என் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டான். அவனுக்கு வேண்டியது கை, மிச்ச நான், யசிந்தா என்கிற ஆள் முழுக்க, அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிற சாமான். இதைச் சொல்லி நானே சிரிப்பேன். ஜஸ்ரினின் அக்கா, என் மச்சாள் பெற்றிசியாவுக்குச் சிரிப்பு வராது. "பிள்ளை அம்மா எண்டு கூப்பிடேல்லை, நீ என்னண்டடி சிரிக்கிறாய்?" என்பாள். எப்படிச் சிரிக்காமல் இருக்கிறது என்று அவளிடம் கேட்க வேண்டும்போல் இருக்கும்.

சாப்பாடுதான் எங்களுடைய பெரிய கண்டம். சோறு தொட மாட்டான். இடியப்பம், புட்டு, மீன் ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கு மீன் வாடை பிடிக்காதென்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அவன் தின்பது ஒன்றே ஒன்று. பேக்கரியில் சுட்ட றோஸ் பாணின் தோலை உரித்து, உள் வெள்ளையை விரலால் பிய்த்து, மஞ்சள் பிளாஸ்ரிக் கப்பில் கரைத்த மாப்பாலில் தொட்டு, நான் ஊட்ட வேண்டும். கரண்டி கூடாது. ஒவ்வொரு வாய்க்கும் முதல் பாலை மணந்து பார்ப்பான், என் விரலை மணந்து பார்ப்பான், பிறகுதான் வாய் திறப்பான். பின்னேரத்தில் பைறூஸ் நானாவின் பாண் விற்கிற ஓட்டோ பாட்டோடு சந்தியில் திரும்பினால் போதும், மூடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து வாசல் படலைக்கு இழுப்பான். ஓட்டோவின் கண்ணாடியில் என் உள்ளங்கையை வைத்து அமத்துவான். "தம்பிக்குக் கருகாதது வைச்சிருக்கிறன்" என்று நானா எடுத்துத் தருவார். ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

கிளினிக் டொக்டர் அம்மா நல்லவ. "இதுக்கு மருந்து இல்லை, பயிற்சிதான்" என்று நேரே சொல்லிவிட்டா. பயிற்சி கொடுத்த மிஸ் மாற்றலாகித் தன் ஊருக்குப் போனா. அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது, வேறு ஆள் வருவா என்று நெடுகச் சொல்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சாள் வெள்ளாங்குளத்தில் நாட்டு மருந்து கொடுக்கிற பரியாரியின் கதையைக் கொண்டுவந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒருத்தியின் பிள்ளை மருந்து தின்று கதைக்கிறதாம். போனில் அந்தப் பிள்ளையின் குரலையும் போட்டுக் காட்டினாள். "அம்மா" என்றது. கரகரவென்று, ஒரே ஒரு தரம். ஜஸ்ரின் போனை வாங்கித் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

பஸ் ஏறிப் போனோம். பரியாரி பிள்ளையைத் தொட்டும் பார்க்கவில்லை, நாடி பிடித்தது எல்லாம் என் கையைத்தான். ஒரு சரையை நீட்டினார். இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உங்களுக்குப் பிள்ளை பேசவேணுமோ, மருந்தின்ர பேர் வேணுமோ?" என்றார். எழும்பி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடுத்த கிளினிக்கில் சரையை டொக்டர் அம்மாவிடம் காட்டினேன். அவ முகம் மாறிப்போனது. "ஈயம் இருக்கலாம், பாதரசம் இருக்கலாம். கிட்னி போயிடும் அம்மா. குடுக்க வேண்டாம்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்து சரையை அலுமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். எறியவில்லை. எறியாமல் ஏன் வைத்தாய் என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் "அம்மா" என் காதிலும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கடலுக்குப் போக முடியாமல் ஜஸ்ரின் வீட்டில் இருந்தார். முற்றத்து மணல் எல்லாம் பறந்து வந்து குசினிக்குள் சேர்ந்தது. கூட்டக் கூட்ட வரும். அப்படிக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில்தான் அவர் வாய் திறந்தார்.

"நாங்கள் இல்லாத காலத்தில இவன் என்ன செய்வான்?"

"மாதா பாத்துக்கொள்ளுவா" என்றேன்.

"மாதா பாண் ஊட்டுவாவோ?" என்றார். "எல்லாம் கதைக்க வேண்டாம். பசிக்குது எண்டு சொல்ல ஒரு வாய். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன். "கிட்னி போயிடும் எண்டவா" என்றேன். "அதுதான் நான் திண்டு பாக்கிறன்" என்றார். அப்படித்தான் அன்று அலுமாரியில் இருந்த சரையை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

விசர் வேலைதான், தெரியும். ஆனால் எங்களுக்கு வேறு என்ன தராசு இருக்கிறது? அவர் தின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நித்திரையில் மூச்சைப் பார்த்தேன். சலம் போகும்போது நிறம் மாறினதா என்று கேட்டேன். காற்று இறங்கி மீண்டும் கடலுக்குப் போய் வலை இழுத்துவிட்டு முன்னையைப்போல் வந்தார். "பேச்சு ஏதும் கூடியிருக்கோ?" என்று பகிடி பண்ணினேன். நீண்ட நாளைக்குப் பிறகு சிரித்தார். பிறகு நானும் தின்றேன். பெத்தவள் தின்னாததை எப்படிப் பிள்ளைக்குக் கொடுப்பது? எனக்கும் ஒன்றும் செய்யவில்லை. சிறுநீரகம், ஈரல், மூளை என்று எங்களுக்குத் தெரிந்த உறுப்பையெல்லாம் நிறுத்துப் பார்த்து, பயமில்லை என்று முடிவெடுத்தோம். செபம் சொல்லிவிட்டு, நகக்கண்ணில் நிற்கிற அளவு தூளைப் பாலில் போட்டேன்.

றெமோன் பாலை மணந்தான். மணந்துகொண்டே இருந்தான். பிறகு என் விரலை மணந்தான். வாய் திறந்தான். ஒரு துண்டு விழுங்கினான், இன்னொன்று விழுங்கினான். மூன்றாவதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். பிறகு மெல்ல வெளியே எடுத்துத் தட்டில் வைத்தான். துப்பவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அடுத்த நாள் அளவைக் குறைத்துப் போட்டேன். கப்பை மணந்தவுடன் கவிழ்த்துவிட்டான். அதற்குப் பிறகு தூளை மண்ணுக்குள் புதைத்துவிட்டுச் சுத்தமான பாலைக் கொடுத்தேன், புதுக் கப் வாங்கிக் கொடுத்தேன், பால் இல்லாமல் வெறும் பாணைக் கொடுத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. தானே குழாயடிக்குப் போய், குனிந்து, நேரே குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தான். அதற்கும் என் கையைக் கேட்கவில்லை.

வயிறு ஒட்டி, கண் உள்ளே போனதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேலைன் ஏற்றினார்கள். மூக்கால் குழாய் விட்டார்கள், பிடுங்கினான். திரும்ப விட்டார்கள், திரும்பப் பிடுங்கினான். கடைசியில் இரண்டு கையையும் பஞ்சு சுற்றிக் கட்டிலோடு கட்டினார்கள். அந்தக் கையைக் கட்டினால் அவனுடைய வாயைக் கட்டினது மாதிரி என்று நேர்ஸ் பிள்ளைக்கு யார் சொல்வது? டொக்டர் அம்மா வந்து, "என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டா. "ஒண்டும் இல்லை" என்றார் ஜஸ்ரின். "அந்தத் தூளைக் குடுத்தனாங்கள்" என்றேன் நான். ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். "கிட்னி நல்லா இருக்கு, ஈரலும் நல்லா இருக்கு" என்றா. ஜஸ்ரின் சிலுவை போட்டுக்கொண்டார். "பாத்தியே, ஒண்டும் செய்யேல்லை" என்று என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. வாட்டின் மறு கோடிக்குப் போய் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒண்டும் செய்யாட்டி அவன் ஏன் என்ர கையைப் பாக்கிறானில்லை?" என்று கேட்டிருக்கலாம். கேட்டு என்ன, தன் நாக்கில் வைத்துப் பார்த்த மனிசன் அவர்.

"வேற ஆள் ஊட்டிப் பாருங்கோ, வேற இடத்தில வைச்சுப் பாருங்கோ, மெல்ல மெல்லத்தான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மச்சாள் ஊட்டிப் பார்த்தாள். ஜஸ்ரின் கையைக் கழுவிக் கழுவி ஊட்டிப் பார்த்தார். பைறூஸ் நானாகூட ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, நிலத்தில் இருந்து, "தம்பி, பிஸ்மி சொல்லித் தாறன், ஒரு வாய்" என்று கெஞ்சிப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் தந்த சத்துப்பாலை ஊசியில்லாத சிறிஞ்சில் எடுத்து, ஜஸ்ரின் அவனைத் தன் இரண்டு காலுக்குள்ளும் இறுக்கிப் பிடிக்க, நான் கன்னத்துக்குள் அடிக்கிறேன். பாதி உள்ளே போகும், பாதி என் சட்டையில். உயிர் கிடக்கிறது, அவ்வளவுதான். அவர் பிடி தளர்ந்தவுடன் கதவுக்குப் பின்னால் ஓடிவிடுவான். அதன் பிறகு ஜஸ்ரின் கடற்கரைக்குப் போய்விடுவார். எப்போது வருவார் என்று நான் கேட்பதில்லை.

நேற்றுப் பின்னேரம் நான் தனியாக இருந்தேன். தேசிக்காய்த் தோலால் கையைத் தேய்த்தேன், மணலால் தேய்த்தேன், வெறும் தண்ணீரில் தேய்த்தேன். கதவடியில், அவனுக்குக் கிட்டவும் இல்லை, தூரவும் இல்லை, சப்பாணி கட்டி இருந்தேன். பாண் வைக்கவில்லை, பால் வைக்கவில்லை, கையை மட்டும் முழங்காலில் மலர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். சந்தியில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது.

மூடி சுழன்றுகொண்டிருந்தது. அவன் அதை விழவிடவில்லை, உள்ளங்கையால் அமத்தி நிறுத்தினான். எழும்பி வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்தான். மாதாவே, பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டேன், எழும்பத் தயாராக ஒரு காலை ஊன்றினேன். பாட்டு படலைக்குக் கிட்ட வந்துவிட்டது.

அவன் இழுக்கவில்லை. கையை மூக்கடிக்குக் கொண்டுபோனான். பெருவிரலை மணந்தான். ஆட்காட்டி விரலை மணந்தான். ஒவ்வொன்றாய், சின்ன விரல்வரை, நகக்கண்வரை மணந்தான். அவன் மூச்சு என் உள்ளங்கையில் பட்டது. பிறகு இரண்டு கையாலும் என் கையைத் தூக்கி, மெல்ல, சிந்தாமல் எதையோ இறக்கி வைக்கிறது மாதிரி, என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

படலையில் நின்ற ஓட்டோ கொஞ்ச நேரம் பாடிவிட்டு அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பியது. கதவுக்குப் பின்னால் மூடி மறுபடி சுழலத் தொடங்கியது.