துணைக்குப் போகிற பிள்ளை

ஊரார் பாஸ்போர்ட்டையெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தே ஜெராக்ஸக்காவுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. வீட்டு முன்னறைதான் கடை. பழைய மெஷின் ஒன்று, அது ஓடும்போதெல்லாம் கூடவே ஆடும் ஒரு மேசை, பேப்பர் கட்டுகள், காய்ந்துபோன பசை டப்பா. வேலைக்குப் போகிறவன், பிள்ளையைப் பார்க்கப் போகிறவள், மக்காவுக்கு உம்ரா கிளம்புகிறவர் என்று தெருவில் வெளிநாடு போன அத்தனை பேரும் அந்தக் கண்ணாடியில் முகத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். அவள் மட்டும் ரயிலடியைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவள் போன வாரம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, தன்னுடைய புது பாஸ்போர்ட்டை அதே கண்ணாடியில் வைத்து நகல் எடுத்தாள். ஒன்று போதும், மூன்று எடுத்தாள். தன் மெஷின், தன் பேப்பர், எவன் கேட்பது!

மகளுக்குத் தலைப்பிரசவம். இருப்பது ஒரே மகள், கட்டிக்கொடுத்ததோ கடலுக்கு அப்பால், கட்டுப்பாடு மிகுந்த ஓர் இஸ்லாமிய நாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு. நல்ல பிள்ளைதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவனுக்கு ஷிப்ட் வேலை. கிடைக்கிற கொஞ்ச லீவையும் பிரசவ நேரத்துக்கென்று பொத்தி வைத்திருக்கிறான். இங்கே வந்து மாமியாரை அழைத்துப் போக அவனால் ஆகாது. இதற்கு நடுவில் அவர்கள் வீட்டு ஏசி வேறு படுத்துவிட்டது. கம்பெனி ஆள் வருவதெல்லாம் மாப்பிள்ளை வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான். கணவன் இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆணை விடுவது அந்த ஊர் வழக்கமும் இல்லை, அவள் மகள் விடுகிறவளும் இல்லை. நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஈரத்துணியும் கையுமாக அவள் போனில் அழுதாள்.

பக்கத்து வீட்டுப் பையன் அதே ஊரில்தான் ஏசி மெக்கானிக்காக இருந்தான். கூத்தைக் கேளுங்கள், மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் அறை. விஷயம் காதில் விழுந்து அவனே ஒருநாள் போய்க் கதவைத் தட்டினான். உள்ளே ஆண் யாருமில்லை என்று தெரிந்ததும் வாசலோடு திரும்பிவிட்டான். அதைக் கேள்விப்பட்ட அன்று ஜெராக்ஸக்கா அழுத அழுகைக்குக் காரணம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த மெக்கானிக் இப்போது லீவில் வந்திருந்தான். வெள்ளிக்கிழமை திரும்புகிறான். அதே விமானத்தில் இவளுக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. புதன்கிழமை மத்தியானம் அவன் வந்து, கடைத் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தான்.

"மாமி, நாமதான் முஸ்லிமாச்சே, நமக்கு என்ன புதுசா சொல்ல வேண்டியிருக்குன்னு நினைச்சிடாதீங்க. அப்படி நினைச்சு வந்தவங்கதான் ஏர்போர்ட்ல திருதிருன்னு முழிக்கிறாங்க. இது என்ன பொட்டலம்?"

"கசகசாடா. அவளுக்குத் தூக்கமே வரலையாம், பால்ல அரைச்சுக் குடுக்கலாம்னு."

"அங்க அது போதைப்பொருள் கணக்கு. இதோட மாட்டினா உங்களுக்குத்தான் தூக்கம் வராது. வெளிய எடுங்க. இந்த டப்பாவுல என்ன?"

"என் பிரஷர் மாத்திரை. பிரிச்சுப் போட்டா எடுக்க வசதி."

"அட்டையோட வேணும். டாக்டர் சீட்டும் கூட வேணும். அப்புறம் இது... தாயத்தா?"

"பொறக்கப்போற புள்ளைக்கு. பயம் அண்டாம இருக்க."

"இதைப் பார்த்தா உங்களைச் சூனியக்காரின்னு தனியா உட்கார வச்சிடுவாங்க மாமி. பயம் புள்ளைக்கு இல்ல, எனக்குத்தான்."

அவள் சிரித்தபடி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பூப்போட்ட துப்பட்டா போய்க் கருப்பு அங்கி உள்ளே வந்தது. எல்லாம் அடங்கிய பிறகு பெட்டி மூட மறுத்தது. அவன் மூடிமேல் ஏறி உட்கார, இவள் குனிந்து ஜிப்பை இழுத்தாள். இழுத்த இழுப்பில் முக்காடு சரிந்து கழுத்தில் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று இவள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருமல் கேட்டது. செக்கர் பெரியப்பா.

அவள் காலஞ்சென்ற கணவருக்கு அண்ணன். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர ஆள் ஓயவில்லை. கல்யாண வீட்டில்கூட ஒவ்வொருவரும் சரியான வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவார். கெட்டவர் இல்லை. தம்பி போன நாளிலிருந்து இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நின்றவர். அவர் சொல்லைத் தட்டி இவள் ஒரு காரியம் செய்ததில்லை.

அவர் தலை தெரிந்ததும் ஜெராக்ஸக்காவின் கை தானாக மேலே போய் முக்காட்டை இழுத்து மூடியது. வந்தது வினை.

"நான் வந்ததும் ஏறுற முக்காடு, இந்தப் பையன் முன்னாடி ஏம்மா விழுந்து கிடக்கு?" என்றார்.

பையன் பெட்டியிலிருந்து இறங்கி நின்றான்.

"கேள்விப்பட்டது நிசம்தானா? இவன்கூடவா கிளம்புறே?"

"ஒரே பிளைட்டுதானே மச்சான். விசா ஆபீஸ்ல இப்ப அதெல்லாம் கேக்கறதில்லையாம்."

"விசாக்காரன் கேக்கல, நான் கேக்கறேன். மஹ்ரம் இல்லாம பயணம் போகலாமா? இவன் உனக்கு மகனா? மருமகனா? கூடப் பொறந்தவனா? கல்யாணமே கூடாதுங்கற உறவுல இவன் எதுல வர்றான், சொல்லு! சும்மா சொல்லக்கூடாது, நீதான் தெருவுக்கே ஒழுக்கத்துக்கு உதாரணம். போஸ்ட்மேனுக்குக் கதவு தொறக்கவே முக்காடு போடுறவ நீ. உனக்கு என்ன ஆச்சு?"

"மச்சான், புள்ள அங்க தனியா..."

"புள்ளை எனக்கும் புள்ளைதான். ஆனா இவன்கூட நீ படி இறங்கினா, இந்தப் படியை நான் அப்புறம் மிதிக்க மாட்டேன். மாப்பிள்ளைக்கும் இப்பவே போன் போடுறேன். ஒரு அந்நிய ஆம்பளைகூட மாமியா வர்றதுக்கு அவர் சம்மதிக்கறாரான்னு பார்ப்போம்."

மாப்பிள்ளை சம்மதிக்க மாட்டான். பெரியப்பா வாயைத் திறந்தால் அங்கே அது வேத வாக்கு. ஜெராக்ஸக்கா ஒரு சொல் சொன்னால் போதும், பூட்டு திறந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லைத்தான் சொல்லமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கதை இதுதான். இந்த மெக்கானிக் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அம்மா, பள்ளிக்கூட டீச்சர், விஷக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை புட்டியைத் தொடவில்லை. அழுது அழுது நீலம் பாரித்துவிட்டது. டீச்சரின் மாமியார் பதறிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு, மகளைப் பெற்றுப் பச்சை உடம்போடு கிடந்த ஜெராக்ஸக்காவிடம் ஓடி வந்தாள். இவள் ஒன்றும் யோசிக்கவில்லை, வாங்கி மாரில் போட்டுக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. போகும்போது மாமியார்க்காரி கையைப் பிடித்துக்கொண்டு, "என் மருமக ரோஷக்காரி. தன் பால் வத்திப்போய், புள்ளை ஊரார் பால்ல வளந்துச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. புட்டிப்பால்னே சொல்லிடுறேன். நீ வாயைத் தொறக்காதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கணவரிடம் மட்டும் இவள் சொன்னாள். அவரும் போய்ச் சேர்ந்தார், மாமியாரும் போய்ச் சேர்ந்தாள்.

அதோடு முடிந்ததா? பிள்ளைகள் வளர்ந்தபின் ஒருநாள் டீச்சர் பழத்தட்டோடு வந்து, "உன் மகளை என் மகனுக்குக் குடு" என்று கேட்டாள். ஒரே பாலைக் குடித்த அண்ணன் தங்கைக்குக் கல்யாணமா! ஜெராக்ஸக்கா தலையில் இடி விழுந்தது. வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தாள். டீச்சர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த ஒற்றைச் சுவர் கோட்டைச் சுவராகிவிட்டது. பையன் மட்டும் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தான்.

ஆனால் அந்தச் சுவருக்குக் காது உண்டு. பெரியப்பாவின் குரலோ ரயிலைத் தாண்டிக் கேட்டுப் பழகிய குரல். டீச்சர் விடுவிடென்று வந்து கடை வாசலில் நின்றாள். மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் துடித்தது.

"யாரைப் பார்த்து அந்நிய ஆம்பளை, அது இதுன்னு பேசுறீங்க? என் புள்ளை ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைச்சவன் இல்ல. அவன் ஏன் இவங்களுக்குப் பெட்டி தூக்கணும்? டேய், வீட்டுக்கு வா. மெக்கானிக்னு சொல்லி மாப்பிள்ளையா வேணாம்னாங்க. முக்காடு விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் மூடுவாங்க, என் புள்ளைக்கு மட்டும் மூடமாட்டாங்க. அவனை ஒரு ஆம்பளையாவே மதிக்கல, வேலைக்காரனா நினைக்கிறாங்க! இத்தனை வருஷமா இது என் நெஞ்சுல முள்ளா குத்துது."

ஜெராக்ஸக்கா அவளையே பார்த்தாள். உடைந்துபோகக்கூடாது என்று எதை மறைத்தாளோ, அதை மறைத்ததிலேயே அல்லவா இந்தப் பெண் உடைந்து கிடக்கிறாள்! சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. செத்தவளிடம் மறுமையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

"டீச்சர், அவன் என் பால் குடிச்ச புள்ளை" என்றாள்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உங்க மாமியார் தூக்கிட்டு வந்தாங்க. புட்டிப்பால் குடிச்சான்னு சொன்னது பொய். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. எம்மக அவனுக்குத் தங்கச்சி டீச்சர், எப்படிக் குடுப்பேன்? பெத்த புள்ளை முன்னாடி யாராவது முக்காடு போடுவாங்களா?" சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெரியப்பாதான் முதலில் தேறினார். "சாட்சி?" என்றார். பழக்கதோஷம்.

"சாட்சியா?" டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். "இப்ப நீங்களே கண்ணால பார்த்தீங்களே! உங்களுக்கு ஏறுன முக்காடு அவனுக்கு ஏறல. இன்னைக்கு நேத்து இல்ல, அவன் மீசை முளைச்ச நாள்லேருந்து இதேதான். அல்லாஹ்வுக்குப் பயந்த பொம்பளை இவ. இன்னைக்கு டிக்கெட்டுக்காகச் சொல்ற பொய்க்கு அன்னைக்கே முக்காட்டை எடுத்து வச்சாளா?"

பெரியப்பா யோசித்தார். மறுப்புச் சொல்ல இடமில்லை. இருந்தாலும் மேலதிகாரியைக் கேட்காமல் அவர் எதையும் விடுகிறவர் இல்லை. பள்ளிவாசல் இமாமுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். இமாம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு தடவையா, பல தடவையா? வயிறு நிறையவா?" என்று கேட்டார்.

"நீங்க வேற ஹஜ்ரத்! டீச்சர் வீடு திரும்புற வரைக்கும் இவனுக்கு அதே வேலைதான். எம்மகளுக்கு மிச்சம் வைக்காம குடிச்சான்."

இமாம் சிரிப்பது கேட்டது. "அப்ப அவர் உங்க பால்குடி மகன். மார்க்கத்துல பெத்த மகன் மாதிரியே மஹ்ரம்தான். சந்தேகமே வேண்டாம், நிம்மதியாப் போயிட்டு வாங்க. இதை இவ்வளவு நாள் மறைச்சதுதான் தப்பு."

பெரியப்பா போனை மடக்கிப் பையில் போட்டார். ஜெராக்ஸக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "டிக்கெட் சரியா இருக்கு. ஏறலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அல்ஹம்துலில்லாஹ்! ஜெராக்ஸக்கா பேப்பர் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"அப்போ என் புள்ளை மட்டம்னு நீ வேணாம்னு சொல்லல" என்றாள் மெதுவாக.

"என் புள்ளையை நானே மட்டம்னு சொல்வேனா?"

டீச்சர் அவள் தோளில் ஓர் அடி வைத்தாள், நல்ல அடி. பிறகு அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்! நினைச்சாலே குலை நடுங்குது. செத்தும் மாமியார் மாமியார்தான், என்ன வேலை பண்ணி வச்சுட்டுப் போயிருக்கு பாரு!" என்று சொல்லிச் சொல்லி, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். "என் புள்ளையை எனக்குக் காப்பாத்திக் குடுத்தவளோட இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டேனே" என்று அவள் சொன்னபோது பெரியப்பா அவசரமாகத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்ல வேளையாக மகளின் வீடியோ அழைப்பு வந்தது. முகமெல்லாம் வேர்வை, கையில் விசிறியாக ஓர் அட்டை. ஜெராக்ஸக்கா விஷயத்தைச் சொன்னாள். மகள் விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்போ இவ்வளவு நாளும் எனக்கு இங்க ரெண்டு தெரு தள்ளி ஒரு அண்ணன் இருந்திருக்கானா?" என்றாள். கூடப்பிறந்தவர் யாருமில்லாமல் வளர்ந்தவள் அல்லவா, உதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு, "போனை அவன்கிட்ட குடும்மா" என்றாள்.

மெக்கானிக் வாங்கினான்.

"அண்ணா! வெள்ளிக்கிழமை வந்ததும் நேரா இங்க வர்றே, உள்ள வர்றே, அந்த ஏசியைப் பார்க்கறே. இனிமே வாசலோட திரும்பிப் பாரு, அப்ப தெரியும் சேதி."

"சரிம்மா. சரி தங்கச்சி" என்றான். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு பெட்டியருகே வந்து ஜிப்பைத் திறந்தான். கசகசா இருந்த மூலையில் கையை விட்டு இடம் பார்த்தான்.

"அம்மா, என் ஸ்பேனர் செட்டை எடுங்க" என்றான்.

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.