ஒல்லாந்தனுக்கு ஒரு தோம்பு

என் புருஷன் ராசன் ஜேர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு பெரிய சலவை ஆலையில் முப்பத்தொரு வருடமாக வேலை செய்கிறார். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஹோட்டல் துவாய்களும் லொறி லொறியாக வந்து இறங்கும். கறை போகாததைப் பிரித்தெடுத்து, மருந்து போட்டு வெளுக்கும் பகுதி இவருடைய பொறுப்பு. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அந்த மனிசன் இதை மறந்துவிட்டார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மிதுஷா. ஆஹெனில் படித்து அங்கேயே எஞ்சினியராக இருக்கிறாள். போன மாசியில் வீட்டுக்கு வந்து, யெரூன் பிளேக்கர் என்ற ஒல்லாந்துக்காரனைக் கட்டப் போவதாகச் சொன்னாள். கத்தோலிக்கன். வேலை இருக்கிறது. மூன்று வருடமாகப் பழக்கம். ஆஹெனில் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் ஒல்லாந்து வந்துவிடும், அவ்வளவு பக்கத்து ஊர்க்காரன். எனக்குச் சந்தோசம். என் புருஷன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன ஆக்களாம்?"

"ஒல்லாந்து ஆக்கள்," என்றேன்.

"அது விளங்குது. ஒல்லாந்தில என்ன ஆக்கள்?"

அட கடவுளே. யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மனிசன் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பாஸ்போட்டை வழியில் ஏஜென்ட் பறித்துக்கொண்டான். சப்பாத்து இரண்டும் இரண்டு அளவு. ஆனால் சாதியை மட்டும் ஒரு எல்லையிலும் தொலைக்காமல், நனையாமல், கசங்காமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அகதி விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் நிரப்பியிருப்பார்.

தமிழ்ப் பெடியன் என்றால் இவருக்கு விசாரிக்கும் வழி தெரியும். ரொறொன்டோவுக்கு ஒரு போன், ஊர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு போன், ஊரில் மிச்சமிருக்கிற யாராவது ஒரு கிழவருக்கு ஒரு போன். தகப்பனின் தகப்பன் எந்தக் கிணற்றில் தண்ணி அள்ளினான் என்பதுவரை வந்துவிடும். ஒல்லாந்தனைப் பற்றி யாரிடம் கேட்பது? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் வேலையால் வரும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

"சிசிலி, அவையின்ர குடும்பப் பேருக்கெல்லாம் அர்த்தம் இருக்காம். பேரிலயே எல்லாம் இருக்கு!"

ஆலைக்கு லொறி ஓட்டி வரும் ஒல்லாந்துக்காரர் ஒருவர், பெயர் டெ பூர். அவர்தான் சொல்லியிருக்கிறார், டெ பூர் என்றால் கமக்காரன் என்று. கமம் செய்கிறவன் என்றால் ஊரில் உயர்ந்த சாதி, என் புருஷனுக்கு அது போதும். அடுத்த நாளிலிருந்து அந்த டிரைவருக்கு ஏகப்பட்ட மரியாதை. என்னைக் கொண்டு வடை சுடுவித்து, றோல்ஸ் பொரிப்பித்து, டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தார். பாவம் அந்த மனிதர், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தனியே இருப்பவர், ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டிருக்க மாட்டார். தனக்கு எதற்கு வடை வருகிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு இவர் ஒரு கொப்பி வாங்கினார். போனில் தேடித் தேடி ஒல்லாந்துப் பெயர்களை ஒரு பக்கத்திலும் அர்த்தத்தை மறுபக்கத்திலும் எழுதினார். பக்கர், பாண் சுடுகிறவன். ஸ்மிட், கொல்லன். மூல்டர், மாவு அரைக்கிறவன். விஸ்ஸர், மீன் பிடிக்கிறவன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரி, அல்லது பிழை என்று ஒரு புள்ளடி. டெ யொங் என்றால் இளையவன் என்று வந்தது. 'இளையவன் எண்டா என்ன ஆக்கள்?' என்று என்னைக் கேட்டார். ஃபான் டென் பெர்க் என்றால் மலைப்பக்கத்திலிருந்து வந்தவன் என்று வந்தபோது, ஒல்லாந்தில் மலை எங்கே இருக்கிறது, மலைக்காரனுக்குச் சரி போடுவதா புள்ளடி போடுவதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மண்டையை உடைத்தார். கோயிலுக்கும் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, எங்கள் ஆட்களின் பெயரையும் காணியையும் சாதியையும் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இப்போது ஹம் நகரத்துக் குசினி மேசையில் இருந்து என் புருஷன் ஒல்லாந்தருக்குத் தோம்பு எழுதுகிறார். பழி வாங்குகிறார் என்றாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும். இது வெறும் விசர்.

பிளேக்கர் என்ற பெயருக்கு வந்ததும் கொப்பி மூடப்பட்டது. உடனே டுசல்டோர்ஃபில் இருக்கும் தன் அக்கா பிறேமாவுக்குப் போன் எடுத்தார். மச்சாள் என்னோடு கதைக்க வேண்டும் என்றாள்.

"சிசிலி, அது உடுப்பு வெளுக்கிற ஆக்களின்ர பேராமெல்லோ! ஒரே பொம்பிளைப் பிள்ளை. எப்பிடிக் குடுக்கிறது?"

"மச்சாள், உங்கட தம்பி விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய் என்ன செய்யிறார்?"

"அது வேலை, இது பிறப்பு. ரெண்டையும் ஒண்டாக்காதையும்," என்றாள்.

முப்பது வருடம் ஆஸ்பத்திரிக் கக்கூசு கழுவிப் பென்சன் எடுத்த வாய் அது. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அதற்குள் அவள் மிதுஷாவுக்கும் எடுத்து இதே புராணத்தைப் பாடியிருக்கிறாள்.

அடுத்த கிழமை யெரூனும் மிதுஷாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். நெட்டையாக, காது சிவந்த பெடியன். நண்டுக் குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டான், மேசை விரிப்பெல்லாம் குழம்பு. அவன் ஜேர்மன் மொழியில்தான் எங்களோடு கதைப்பான். என் புருஷன் நண்டுக் காலை உடைத்தபடி, ஏதோ தற்செயலாகக் கேட்பது போல, "உங்கள் குடும்பப் பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டார். மிதுஷா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

அந்தப் பெடியனுக்கு அது ஒரு பொறி என்று தெரியவில்லை. ஆசையாகச் சொல்லத் தொடங்கினான். அந்தக் காலத்தில் லினன் துணியை மோரில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து, நாள்கணக்கில் வெயில் காட்டி வெள்ளையாக்குவார்களாம். அதைச் செய்கிறவன் பிளேக்கர். "ஆனால் எங்கள் வீட்டில் அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது," என்றான். "தேடிப் பார்த்தோம். பதிவுகளில் இருக்கிற எல்லோரும் கூலியாட்கள். தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார். அப்பா பஸ் ஓட்டினார். துணி வெளுத்த ஒருவர்கூடக் கிடைக்கவில்லை."

"ஆனா பேர் இருக்கே," என்று என் புருஷன் தமிழில் முணுமுணுத்தார்.

"உங்கள் பெயர்?" என்று யெரூன் கேட்டான்.

மிதுஷா சொன்னாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரைத்தான் பிள்ளைகள் முன்னால் போடுவார்கள், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். அப்பா இங்கே வந்தபோது ஒரு உத்தியோகத்தர் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு விளங்கவில்லை. தன் பெயரையே சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவும் ராசன், நானும் ராசன்.

யெரூன் கதிரையில் நிமிர்ந்துவிட்டான். ஒல்லாந்திலும் அப்படித்தானாம். யான் என்பவனின் மகன் யான்சன், அந்த மகனின் பெயர் பீட்டர் என்றால் பேரன் பீட்டர்சன், இப்படி மாறிக்கொண்டே வந்ததாம். பிறகு நெப்போலியன் காலத்தில் எல்லோரும் ஒரு பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததாம். மாறிக்கொண்டிருந்த பெயர்கள் அப்படியே நின்றுவிட்டனவாம். "எங்கள் ஊரில் அந்த முதல் யான் யார் என்று ஒருவருக்கும் தெரியாது," என்றான். "உங்கள் பெயருக்கு முதல் ஆள் நீங்கள். இதோ என் முன்னால் நண்டு சாப்பிடுகிறீர்கள்!"

என் புருஷனின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்தது. பிறகு அவருக்குக் கொப்பி ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழும்பிப் போய்க் கை கழுவினார்.

குசினியில் மிதுஷா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லுறன், அப்பாவுக்குச் சொல்லக் கூடாது. கலியாணத்துக்குப் பிறகு ரெண்டு பேருக்கும் என்ன பேர் எண்டு பதிவு செய்யிற ஸ்டாண்டஸ்அம்டில கேப்பினம். யெரூன் எங்கட பேரை எடுக்கிறானாம். அவனுக்கு மூண்டு அண்ணன்மார், பிளேக்கருக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு நான் ஒராள்தானே. என்னோட அந்தப் பேர் முடிஞ்சு போகக்கூடாது எண்டு அவனே சொன்னவன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளுக்கே தோன்றாத யோசனை வேற்று நாட்டுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

"அப்பாவுக்குச் சொன்னா துள்ளிக் குதிப்பார்," என்றேன்.

"வேண்டாம். பேருக்காக அவர் கலியாணத்துக்கு வரக்கூடாது. எனக்காக வரட்டும். வந்து, அங்கயே காதால கேக்கட்டும். வராட்டி நான் பிளேக்கர் எண்டு சொல்லிப்போட்டு வாறன். பிறேமா மாமி எல்லாம் சொன்னவ, அம்மா. எனக்குத் தெரியும்."

என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். அவர்கள் போனதும் என் புருஷன் தீர்ப்புச் சொன்னார்.

"நான் வரேல்லை. கலியாணக் கார்ட்டில அந்தப் பேரைப் போட்டு ஊருக்குக் காட்ட ஏலாது."

"ஹம்மில இருக்கிற எந்தத் தமிழனுக்கு ஒல்லாந்து பாசை தெரியும்?"

அந்தப் பேரின் அர்த்தத்தை இவரே எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார். கடைக்காரருக்கு, கோயில் கமிட்டிக்கு, இங்கிருக்கிற மன்னார் ஆட்களுக்கு. ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத் தன் வாயாலேயே தண்டோரா போட்ட ஒரே மனிதர் என் புருஷன்தான்.

கலியாணத்துக்கு ஏழு கிழமை இருந்தது. நான் கெஞ்சினேன், ஏசினேன், இரண்டு நாள் சமைக்காமலும் விட்டேன். கோட்டு சூட்டைத் துடைத்து அலுமாரிக் கதவில் தொங்கவிட்டேன். அவர் அதைப் பார்க்காமல் தாண்டிப் போவார். ஒரு நாள் அவருடைய சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது விசயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் போதும், ஓடி வருவார். எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது. மகள் போதாமல் இருந்த இடத்துக்குப் பேர் போதும் என்றால், அப்படிப்பட்டவர் வந்து அந்தக் கதிரையில் இருந்து என்ன? நாக்கைக் கடித்துக்கொண்டு சேர்ட்டின் மற்றக் கையையும் அயன் பண்ணினேன்.

கலியாண நாள் வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குப் பதிவுக்கு டெர்மின் தந்திருந்தார்கள். விடிய நாலு மணிக்கு அவர் வழக்கம் போல எழும்பினார்.

"இஞ்சேருங்கோ, எட்டு மணி ரயிலுக்கு வந்தாலும் காணும். ஸ்டேசனில நிக்கிறன்."

"லீவு தரமாட்டாங்கள்," என்றார்.

"கேட்டனீங்களே?"

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எட்டு மணிக்குப் பட்டுச் சேலையோடு ஸ்டேசன் மேடையில் நின்றேன். ரயில் வந்து, கதவு திறந்து, நான் ஏறிய பிறகும் கதவு மூடும்வரை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஹெனில் பதிவு மண்டபத்தின் முன்வரிசையில் நான்கு கதிரைகள். யெரூனின் தாய் தகப்பன், நான், ஒரு வெறுங் கதிரை. பதிவு செய்யும் பெண் கலியாணப் பெயர் என்ன என்று கேட்டபோது மிதுஷா திரும்பி வாசலைப் பார்த்தாள். யெரூன் அவள் காதில் ஏதோ சொன்னான். ஐந்து நிமிடம் பொறுக்க முடியுமா என்று அவனே கேட்டான். அந்தப் பெண்ணும் பொறுத்தாள். சுவரில் இருந்த மணிக்கூட்டின் சத்தம் எனக்குக் கேட்டது. வாசலில் ஒருவரும் வரவில்லை.

"பிளேக்கர்," என்றாள் என் மகள். அவள் குரல் நடுங்கவில்லை. நான்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. அவர் வேலை உடுப்போடு குசினியில் இருந்தார். விரல் நுனிகள் வழக்கம் போல மருந்தில் ஊறி வெளிறிப் போயிருந்தன.

"எத்தினை பேர் வந்தவை?" என்று கேட்டார். சும்மா கேட்பது போல.

நான் சேலையை மாற்றவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த கொப்பியை எடுத்து, பிளேக்கர் என்று எழுதிப் பெரிய புள்ளடி போட்டிருந்த பக்கத்தைத் திறந்து மேசையில் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் விடவில்லை, அந்த ஐந்து நிமிடத்தையும் விடவில்லை.

"என்ர பேரையோ?" என்றார். "அந்தப் பெடியனோ?"

"ஓம்."

"அப்ப ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியள்."

எனக்கு இரக்கம் வரவில்லை, வர விடவும் இல்லை.

"இன்னொண்டும் கேளுங்கோ. அந்தப் பெடியன்ர குடும்பத்தில தலைமுறை தலைமுறையாத் தேடியும் துணி வெளுத்த ஒருத்தரும் இல்லையாம். அந்தப் பேருக்குரிய வேலையைச் செய்யிற ஆள் ரெண்டு குடும்பத்திலையும் ஒராள்தான்."

பேனையை எடுத்து அந்தப் புள்ளடிக்குப் பக்கத்தில் மிதுஷா பிளேக்கர் என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பையின் மேல் ஆலைக்காரர் தைத்துக் கொடுத்த ராசன் என்ற பெயரை அவருடைய வெளிறிய விரல் தடவிக்கொண்டிருந்தது.

"இனி அதை மாத்த ஏலாதோ, சிசிலி?"

"ஏலாது," என்றேன்.