மாப்பிள்ளை கழுவிய பிசின்

மாமனாரின் பிசின் மண்டியில் மாப்பிள்ளைக்கு இதுவரை கிடைத்த ஒரே பதவி, தராசுக்குப் பக்கத்தில் நிற்பது. மனைவியின் அண்ணன் நான்கு நாள் வெளியூர் கிளம்பும்போதுதான் முதல்முறையாக ஒரு மூட்டையை அவரை நம்பி விட்டுப் போனார். தைல மரத்தில் சுரண்டி எடுத்த கருஞ்சிவப்புப் பிசின். இருமல் மிட்டாய்க் கம்பெனிக்குப் போக வேண்டியது.

“பட்டை, தூசி இல்லாம சுத்தம் பண்ணி வைங்க மாப்ள. சரியா வந்தா அடுத்த கொள்முதல் உங்க பொறுப்பு. இல்லேன்னா மறுபடி தராசுதான்.”

சுத்தம் என்றால் கையால் பொறுக்குவது. மாப்பிள்ளைக்கு அது தெரியாது. மூன்று அண்டாக்களில் வெந்நீர் ஊற்றி, பிசினைக் கொட்டி, நன்றாகக் கலக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து கையை விட்டுத் துழாவினால் பட்டைத் துணுக்குகள்தான் சிக்கின. பிசினைக் காணோம். தண்ணீர் மட்டும் செக்கச்செவேல்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, கொலை ஏதாவது பண்ணிட்டீங்களா?”

“இது தண்ணியில கரையும்னு ஒருத்தரும் சொல்லலியே!”

“சர்க்கரையையும் கழுவிட்டுத்தான் காபியில போடுவீங்களோ?”

“கிண்டல் அப்புறம் பண்ணு. கொட்டிட்டு வேற மூட்டை தேடட்டுமா?”

“ஐயோ, கொட்டாதீங்க! கரைஞ்சது எங்க போயிடும்? அதுக்குள்ளதானே இருக்கு. வடிகட்டிக் காய வைங்க.”

வடிகட்ட அவருடைய புதுச் சட்டையைத் தேர்ந்தெடுத்தவளும் அவளே. வீட்டிலிருந்த தட்டு, தாம்பாளம் எல்லாம் மொட்டை மாடியேறின. மூன்று நாள் வெயிலில் மாப்பிள்ளை காக்கா விரட்டினார். நான்காம் நாள், உடைந்த கண்ணாடி வளையல் மாதிரி பிசின் பளபளவென்று பெயர்ந்து வந்தது.

ஊரிலிருந்து வந்த மைத்துனர் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு துணுக்குப் பட்டைகூட இல்லையே! எப்படி மாப்ள?”

சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல வாயெடுத்தார். வாசற்படியில் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

“வெந்நீர்ல கழுவினேன் மச்சான், கரைஞ்சு போச்சு. காய வச்சது உங்க தங்கச்சி யோசனை.”

மைத்துனர் தங்கையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

“தண்ணியக் கொட்டலியா?”

“இல்ல.”

“நான் கொட்டிட்டேன் மாப்ள. தொழிலுக்கு வந்த முதல் வருஷம், ரெண்டு மூட்டை. சாக்கடையே சிவப்பா ஓடிச்சு. அப்பாகிட்ட திருட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன்.”

“ஓ! அதுக்குத்தான் அப்பா நாலு பூட்டு போட்டாராண்ணே?” என்றாள் தங்கை.

“மெதுவா பேசு! மாப்ள, கொள்முதல் உங்களுக்குத்தான்.”

“நானும் கூடப் போறேன்” என்றாள் அவள்.

மறுத்துப் பேச இருவருக்கும் தைரியம் வரவில்லை.