பிரேக் விடு

விஞ்சுக்காரனுக்கு வலது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து, சுமை தூக்கும் விஞ்சு இயந்திரத்தின் பிரேக் கட்டையை மிதித்துக்கொண்டே நின்ற கால். கலவை வாளி பாதி வழியில் தொங்கும்போது அந்தக் காலை எடுத்தால் வாளி கீழே வந்துவிடும். வயிறு வேறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அந்தக் கட்டடத்தில் கூலியாட்களைவிட அதிகம் உழைத்தது பிரேக் என்ற சொல்தான். லாரிக்காரனின் வண்டியில் அது சரியாகப் பிடிக்கவில்லை. கம்பி கட்டுகிறவனின் தங்கைக்குப் பேசிவைத்த சம்பந்தம் பிரேக் ஆகிவிட்டது. பெயிண்டரின் பெண்சாதிக்கு வாயில் அது இல்லவே இல்லை என்று அவனே சொல்லித் திரிந்தான். பழைய மேஸ்திரி வேலையை நிறுத்தச் சொல்ல, "கையக் கழுவுங்கப்பா" என்பார். போன வாரம் வந்த புது மேஸ்திரிக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது போலிருக்கிறது; அவர் அதையும் இங்கிலீஷில்தான் சொல்வார்.

கீழே வாளிக்குக் கலவை அள்ளிப் போடுகிறவன் விஞ்சுக்காரனின் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி.

"என்ன மாமா, நொண்டுறீங்க. அக்காகிட்ட சொல்லி எண்ணெ தேய்க்கச் சொல்லட்டா?"

"உங்கக்கா என் தலையில மொளகா அரைக்கிறதே போதும் மாப்ள. வாளிக்குக் கீழ வராத, தள்ளி நில்லு."

அவன் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றான். மேலே ஆட்கள் பலகையை நகர்த்திக்கொண்டிருந்ததால் வாளி அந்தரத்திலேயே தொங்கியது. மேல்தளத்திலிருந்து புது மேஸ்திரி எட்டிப்பார்த்துக் கத்தினார்.

"பிரேக் விடு."

மச்சினன் காதில் அது ஓய்வாக விழுந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குறுக்கு வழியாக, வாளிக்கு அடியில் புகுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தான். விஞ்சுக்காரன் காதில் அது காலுக்கு வந்த உத்தரவாக விழுந்தது. காலை எடுத்தான். பதறிப்போய் அவன் திரும்ப மிதிப்பதற்குள் வாளியின் விளிம்பு மச்சினனின் இடது பாதத்தில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

மறுநாள் இன்ஜினியர் மேஸ்திரியோடு வார்டுக்கே வந்தார். விஷயம் எளிது. விஞ்சுக்காரன் மேல் தப்பு என்றால் அவனுக்கு வேலை போகும், அடிபட்டவனுக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். அடிபட்டவன் தானாகவே வாளிக்கு அடியில் போனான் என்றால் கட்டுப்போட்ட செலவோடு சரி.

"நான் ரெஸ்ட்டுதான் சார் சொன்னேன். இவன் காலை எடுத்துட்டான்," என்றார் மேஸ்திரி.

"நீ என்னப்பா சொல்ற?"

விஞ்சுக்காரனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். வாளி தொங்கும்போது மேலேயிருந்து யார் என்ன கத்தினாலும், கீழே ஒருமுறை பார்க்காமல் காலை எடுக்கக் கூடாது. அது அவனுக்குத் தெரியும். அவன் பார்க்கவில்லை. இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து மச்சினன் முந்திக்கொண்டான்.

"மாமா மேல தப்பில்ல சார். எனக்கும் வாளிய எறக்கச் சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு. எறங்குறது தெரிஞ்சும் நான்தான் குறுக்க போனேன்."

இன்ஜினியர் விஞ்சுக்காரனைப் பார்த்தார். "அப்படியா?"

அவன் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

அவர்கள் போனதும், கால்மாட்டில் நின்றிருந்த விஞ்சுக்காரனின் பெண்டாட்டி அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவன் உளறுறான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"காலுக்குப் பிடிக்காத பிரேக்கு, வாய்க்கு மட்டும் நல்லா பிடிக்குதே."

அவன் உள்ளே போனான். மச்சினன் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் நகர்த்திவைக்கத் திணறிக்கொண்டிருந்தான். விஞ்சுக்காரன் குனிந்து தூக்கிவைத்தான்.

"ஏன்டா மாப்ள அப்படிச் சொன்ன?"

"உங்களுக்கு வேல போனா அக்காதான மாமா கஷ்டப்படும். நான் ஒத்த ஆளு."

"சும்மா படு," என்றான் அவன்.

இரண்டு நாள் கழித்து விஞ்சுக்காரன் வேலைக்குப் போனான். இன்ஜினியர் அறையின் கதவு திறந்தே கிடந்தது. அதைத் தாண்டிப் போய்க் கட்டை மேல் காலை வைத்தான். சாயங்காலம் திரும்பும்போதும் அது திறந்தேதான் இருந்தது. மச்சினனுக்கு வரவேண்டிய நஷ்டஈடும், 'கீழ பார்க்காம கால எடுத்தது நான்தான் சார்' என்ற ஒரு பேச்சும் அவன் கணக்கில் இன்னும் பாக்கி.