நான்கு சென்டிமீட்டர்

"எண்ணெய் ஆறிடும். அந்தக் காலைக் கொஞ்சம் இப்படி நீட்டுங்க சம்மந்தி" என்று இரும்புக்கடைக்காரர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். கதவோரம் காப்பித் தட்டோடு நின்ற மருமகள் சட்டென்று ஓர் அடி முன்னால் வைத்தாள். தட்டில் இருந்த நாலு டம்ளரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

கட்டிலில் கிடந்தவர் அவளுடைய மாமனார், துணிக்கடை முதலாளி. குடலில் அடைப்பு என்று வயிற்றைத் திறந்து தைத்து எட்டு நாள். வீடு திரும்பி மூன்று நாள். நலம் விசாரிக்க வந்தவர் இரும்புக்கடைக்காரர். அவர் மகனுக்கும் இந்த வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் முக்கால்வாசி முடிவாகியிருந்தது. அந்த மீதிக் கால்வாசிக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் இந்த வீட்டில் மரியாதைக்கு வேறு அளவுகோல். முதலாளி தரையில் கால் வைத்தால் பிள்ளைகளுக்குக் கௌரவக் குறைச்சல். சாப்பாடு, பேப்பர், ஒண்ணுக்குப் போகப் பாத்திரம் எல்லாம் கட்டிலுக்கே வந்தன. "மாமாவைக் கொஞ்சம் நடக்க விடுங்க அத்தை" என்று மருமகள் மூன்று நாளில் ஏழு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"வயித்த அறுத்துக்கிட்டு வந்த மனுஷன ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பச் சொல்றியா? உன் வார்டு புத்தியெல்லாம் இங்க வேணாம்" என்றாள் மாமியார். 'வார்டு' என்ற சொல்லைப் பல்லியைத் துடைப்பத்தால் தள்ளுவது போலச் சொன்னாள்.

மருமகள் நர்ஸ். ஆபரேஷன் வார்டில் ஆறு வருஷம். குடல்வால் அறுக்க வந்த துணிக்கடைப் பிள்ளை, வயிற்றில் தையலும் மனசில் இவளுமாக வீடு திரும்பினான். கல்யாணத்துக்கு மாமியார் இரண்டு நிபந்தனை வைத்தாள். வேலையை விட வேண்டும். வெளியே கேட்டால் டீச்சர் என்று சொல்ல வேண்டும். "கண்ட ஆம்பளைங்க உடம்பத் துடைச்ச கைன்னு தெரிஞ்சா நம்ம கையால எவன் தண்ணி வாங்கிக் குடிப்பான்?" இன்று காலையும் எச்சரித்திருந்தாள்: "சம்மந்தி முன்னால வாயத் தொறந்த, இந்தச் சம்பந்தம் முறிஞ்சுச்சு, அப்புறம் நீ உங்கம்மா வீட்டுலதான்."

இடது கால் வலிக்கிறது என்று மாமனார் சொன்னதும் சுடவைத்த எண்ணெய்க் கிண்ணத்தில் இரும்புக்கடைக்காரர் விரலை விட்டுச் சூடு பார்த்தார். "நரம்புப் பிடிப்புதான். கீழேருந்து மேல ஒரு உருவு உருவினா ஓடியே போயிடும். எங்க கடையில மூட்டை தூக்குறவங்களுக்கெல்லாம் நான்தான் டாக்டர்!"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் காலைப் பார்த்தாள். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தோல் இழுத்துப் பளபளத்தது. படுத்தே கிடக்கும் காலில் ரத்தம் கட்டியாக உறையும். தேய்த்தால் கட்டி பிடிவிட்டுக் கிளம்பும், நேரே நுரையீரலுக்கு. வார்டில் பதினாலாம் கட்டில் கொத்தனாருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர் மனைவி பாசத்தோடு காலைப் பிடித்துவிட்டாள். இவள் மருந்து எடுத்துத் திரும்புவதற்குள் கொத்தனாரின் உதடு நீலமாகியிருந்தது. "நல்லாத்தானே பேசிட்டிருந்தாரு" என்று அந்த அம்மாள் கேட்ட குரல் இப்போது இந்த அறைக்குள் கேட்டது.

இரும்புக்கடைக்காரரின் கை காலை நோக்கி இறங்கியது.

"தொடாதீங்க!"

தன் குரல்தான் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. தட்டை எங்கே வைத்தாள் என்பதும் தெரியவில்லை. கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

"என்னடி இது? உள்ள போ!" மாமியார் பல்லைக் கடித்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தான். இக்கட்டு வந்தால் அவன் பார்க்கும் இடம் அதுதான்.

விளக்கம் சொன்னால் எடுபடாது. அளவைக் காட்டினால் எடுபடும். இரண்டு பேரும் வியாபாரிகள். அலமாரிக் கைப்பிடியில் தொங்கிய கடை டேப்பை உருவினாள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு, அழுத்தாமல், இரண்டு கால்களையும் சுற்றி அளந்தாள். பிறகு டேப்பை இரும்புக்கடைக்காரரிடமே நீட்டினாள்.

"நீங்களே ஒரு தடவை பாருங்க. மெதுவா. அமுக்காதீங்க."

அடுத்தவர் அளவை நம்பி அவர் எதையும் வாங்கியதில்லை. குனிந்து அளந்தார். "இது முப்பத்தஞ்சு... இது முப்பத்தொம்போது." கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி அளந்தார். "நாலு சென்டிமீட்டர் வித்தியாசம்! ஏம்மா, டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

மாமியார் கண்ணாலேயே வாசலைக் காட்டினாள்.

"நான் டீச்சர் இல்லைங்க. நர்ஸ். உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கு. தேய்ச்சா உயிரே போயிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மானத்த வாங்கிட்டியே, பாவி" என்றாள் மாமியார். அந்த நேரத்தில் மாமனார் இருமினார்.

"நெஞ்சுல... ஊசி குத்துறாப்ல இருக்கும்மா."

மருமகள் அவர் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்தெட்டு. கட்டியின் துணுக்கு ஒன்று ஏற்கெனவே கிளம்பிவிட்டது. "ஆம்புலன்ஸ்! மேல பாக்காதீங்க, போன எடுங்க!" என்று கணவனை அதட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அதட்டியதில்லை. அவன் போனை எடுத்தான்.

தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தாள். நடக்க விடவில்லை. வண்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் உயிர் போய்ப் போய் வந்தது. நாடியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. "பயமா இருக்கும்மா" என்றார் மாமனார். "எனக்கும்தான் மாமா. பேசாதீங்க, மூச்ச மட்டும் விடுங்க."

மறுநாள் மாலை டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். நுரையீரலில் சின்னத் துணுக்கு. தொடையில் பென்சில் நீளத்துக்கு ஒரு கட்டி, இன்னும் இடத்தை விட்டு நகராமல். "அந்தக் கால்ல யாராவது கை வச்சிருந்தா நாம இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரும்புக்கடைக்காரர் பழப்பையோடு வந்தார். நாற்காலியை மருமகள் பக்கம் இழுத்துப் போட்டு, கொள்முதல் பேசும் குரலில் ஆரம்பித்தார்.

"கல்யாணத்துல மாத்தம் இல்லம்மா. எங்க வீட்டம்மாவுக்கு அடுத்த மாசம் இடுப்பு ஆபரேஷன். நீ ஒரு பதினைஞ்சு நாள் எங்க வீட்டுல வந்து இருந்தா நிம்மதி. ஆனா பாரு, நாலு பேரு வந்து போற வீடு. எங்க ஆளுங்க கிட்ட டீச்சர்னே சொல்லிக்குவோம். என்ன?"

மாமியாரின் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன சம்மந்தி, தாராளமா!"

"வர்றேங்க" என்றாள் மருமகள். "யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வருவேன். இவ யாருன்னு கேட்டா நர்ஸ்னு உங்க வாயால சொல்லணும். சம்மதமா?"

ஆணி முதல் தண்டவாளம் வரை எதற்கும் உடனே விலை சொல்லும் மனிதர், பழப்பையின் முடிச்சை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

அப்போது எதிர்க் கட்டிலில் ஒரு பெண், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த கணவனின் கெண்டைக்காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இதமாகப் பிடித்துவிடத் தொடங்கியிருந்தாள். பேரம் முடியும்வரை உட்கார்ந்திருக்க மருமகளுக்கு நேரமில்லை. எழுந்து ஓடினாள்.

"அம்மா, கைய எடுங்க! நான் நர்ஸ்."

வார்டு முழுக்கக் கேட்டது.